அளவுகோலுக்குள் வராத மூச்சு

கொச்சிக்குத் தெற்கே காயல் நீர் சூழ்ந்த சிற்றூர் கும்பளங்கி. அங்கே சீன வலை இழுத்து வாழும் முதியவர் ஒருவருக்கு 2021-ஆம் ஆண்டில் கொரோனா கண்டதாகக் கொள்வோம். விரலில் மாட்டிய சிறு கருவி 92 என்று காட்டுகிறது. அவர் நிலை எவ்வளவு கடுமையானது?

அவ்வாண்டு நம் நாட்டு மருத்துவ நெறிமுறை இதற்கு எளிய விடை வைத்திருந்தது. 90 முதல் 93 வரை நடுத்தரம். 90-க்குக் கீழே கடுமை. நிமிடத்திற்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலும் கடுமையே. விரலும் கடிகாரமும் இருந்தால் போதும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கு வேறு. 2012-இல் வெளிவந்த பெர்லின் வரையறை, தமனி இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் வகிக்கும் பங்கால் வகுக்கிறது. நலமாக இருப்பவருக்கு விடை 400-ஐத் தாண்டும். எண்பது சதவீத ஆக்சிஜன் தந்தும் இரத்தத்தில் அழுத்தம் 80 தான் என்றால் விடை 100, அது கடுமை. 200 வரை நடுத்தரம், 300 வரை இலேசு. ‘இலேசு’ என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் கொள்ள வேண்டாம்; அப்படியில் இருந்தோரிலும் நூற்றுக்கு 27 பேர் இறந்ததாக அந்த ஆய்வே கூறியது. கடுமையான படியில் 45 பேர்.

இவ்வரையறைக்கு இரத்தப் பரிசோதனையும், காற்றை அழுத்தித் தரும் சுவாசக் கருவியும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத மருத்துவமனையில் ஒருவர் மூச்சுத் திணறி இறந்தால் அவர் எந்தப் படியிலும் இல்லை. அளக்கப்படாத துன்பம் துன்பமாகாதா? ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் பணியாற்றிய மருத்துவர்கள் இக்கேள்வியை எதிர்கொண்டு, விரல் கருவியே போதும் என்று 2016-இல் மாற்று வரையறை தந்தனர். வசதி குறைந்த இடங்களுக்கு அவ்வழியை உலகளாவிய புதிய வரையறை ஏற்றது 2024-இல்தான். ஏழைகளுக்கும் நுரையீரல் உண்டு என்று ஏட்டில் எழுத நமக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அந்த விரல் கருவியும் எல்லோரிடமும் ஒரே நீதியுடன் நடந்துகொள்வதில்லை. 2020-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோல் கறுக்கக் கறுக்க, எண் நம்பிக்கையூட்டிப் பொய் சொல்கிறது.

ஆகவே நம் முதியவரின் 92, உண்மையில் 92 தானா? பேசச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாமல் நடுவில் நிறுத்துகிறார் என்றால், கருவி 95 காட்டினாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.