மறதி குற்றமாகுமா? நன்னூலின் மாணாக்கர் வகையும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளும்

மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமித்து, முதல், இடை, கடை எனத் தரம் பிரிக்கிறது நன்னூல். கேட்டதை ஒழுகவிடும் இல்லிக்குடம் கடைநிலையில் வைக்கப்படுகிறது. மறதி இங்கு ஏறத்தாழக் குணக்கேடாகவே கொள்ளப்பட்டுள்ளது. குடத்திற்கு வயது இல்லை என்பது நோக்கத்தக்கது.

உளவியலார் வயதை முன்வைக்கின்றனர். 1966இல் அமெரிக்காவில் ஜான் ஃபிளேவெலும் உடன் ஆய்வாளர்களும் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி, சில நொடிகள் கண்ணை மறைத்து, உதடுகளைக் கவனித்தனர். படங்களின் பெயர்களைத் தமக்குள் சொல்லிப் பார்த்தோர் ஐந்து வயதினர் 20 பேரில் இருவரே; பத்து வயதினர் 20 பேரில் 17 பேர். சொல்லிப் பார்க்கப் பழக்கியபின் ஆறேழு வயதினரும் ஏனையோர்க்கு நிகராக நினைவுகூர்ந்தனர் என்பது 1967ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. ஆயினும் அவரவர் விருப்பத்திற்கு விட்டதும் பலர் அதனைக் கைவிட்டனர். ஆற்றல் இருந்தது, அதனைத் தாமே கைக்கொள்ளும் முதிர்ச்சி வரவில்லை. உத்தியைத் தேர்ந்து ஆள்வதில் பெரும்பங்கு கொள்ளும் நெற்றிப்புற மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பது பின்னர்த் தெரியவந்தது.

அவ்வாறாயின் திண்ணைப் பள்ளிச் சிறார் எண்சுவடியை எங்ஙனம் மனப்பாடம் செய்தனர் எனக் கேட்கலாம். அங்கு உத்தி பிள்ளையிடம் இல்லை. ஆசிரியரும் சட்டாம்பிள்ளையும் சேர்ந்து சொல்லவைத்த முறையில் இருந்தது. இருகால் கேட்டால் பிழை குறையும், முக்கால் கேட்டால் முறையறிந்து உரைக்கலாம் என்னும் நன்னூலார் கருத்தும் இதுவே. தரம் பிரித்த ஆசிரியரே வழியும் வகுத்திருக்கிறார். உரையாடல்களில் உவமைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

மும்பையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் பிள்ளை தமிழோடு மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றையும் சுமக்கிறது. (மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்தைப் பகிர்வது சிறிய ஆறுதல்.) ஒப்புவிப்பதைக் கேட்க வீட்டில் ஆளிருந்தால், மாட்டுங்காவாயினும் செம்பூராயினும் தாராவியாயினும், உத்தி அங்கேயே வாய்த்துவிடும். இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே கதி. கல்வி உரிமைச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 5, 8ஆம் வகுப்புகளில் தேறாதவரைத் தேக்கிவைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. 2023இல் மகாராட்டிரம் அவ்வழியை ஏற்றது. ஐந்தாம் வகுப்பு என்பது ஏறத்தாழப் பத்து வயது. தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சியும் இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வும் தரவேண்டும் என்கிறது சட்டம். அப்பயிற்சி பாடத்தையே மீண்டும் நடத்துவதா, பாடத்தை நினைவில் நிறுத்தும் முறையைப் பழக்குவதா என்பதை ஆசிரியரே முடிவு செய்யவேண்டியுள்ளது.