பிரிய நேர்ந்தால்

 

நிக்காஹுக்கு நாம் எத்தனை மாதம் முன்பே தயாராகிறோம்! மண்டபம் பார்க்கிறோம், மஹர் பேசுகிறோம், பிரியாணிக்குக்கூட இரண்டு பண்டாரிகளை விசாரித்துவிட்டே முன்பணம் கொடுக்கிறோம். பிரிவு வந்தால் மட்டும் எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிட வேண்டுமென்று துடிக்கிறோம். வாய்ச்சண்டை முற்றுகிறது. ஆத்திரத்தில் கணவர் தலாக் என்கிறார். அரைமணி நேரத்தில் பெண்ணின் அண்ணன் டாக்ஸியோடு வந்து நிற்கிறார். பெட்டியும் பிள்ளைகளும் ஏறியாகிறது. ரோஷமுள்ள குடும்பம் என்று நாலு பேர் மெச்சவும் செய்கிறார்கள்.

திருக்குர்ஆனின் 65-ஆம் அத்தியாயம் ஸூரத்துத் தலாக். அதன் முதல் ஆயத்தே இந்த அவசரத்தைத் தடுக்கிறது. இத்தாவைக் கணக்கிட்டு வாருங்கள். மனைவியரை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள். பகிரங்கமான மானக்கேடு நேர்ந்தாலன்றி அவர்களும் வெளியேற வேண்டாம் என்பது அதன் கருத்து. வாடகை கட்டுபவர் கணவராயிருந்தும் இறைவன் அங்கே 'அவர்களுடைய வீடுகள்' என்று பெண்களுக்கே உரிமையாக்கிச் சொல்கிறான். இதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அதன்பின் அல்லாஹ் புதிதாக ஒரு வழியை உண்டாக்கக்கூடும் என்று அந்த ஆயத் முடிகிறது. முதல் தலாக்கிலும் இரண்டாம் தலாக்கிலும் இத்தா முடியுமுன் மறு நிக்காஹ் இல்லாமலே மீண்டும் சேர்ந்துகொள்ளலாம் அல்லவா? டாக்ஸி கொண்டுவந்த அண்ணன் அந்த வழியைத்தான் அடைத்துவிடுகிறார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடி உதைக்கு அஞ்சி வெளியேறும் பெண்ணை இந்த ஆயத்தைக் காட்டித் தடுப்பவர் மார்க்கத்தை அறிந்தவரல்லர். ஆபத்து உள்ள இடத்தைவிட்டு வெளியேற இமாம்கள் அனுமதித்தே இருக்கிறார்கள்.

இத்தாவின் காலத்தைப் பொறுத்தவரை, கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. மாதவிடாய் நின்றவருக்கு மூன்று மாதம். மற்றவருக்கு மூன்று 'குரூஉ'. இச்சொல்லுக்கு ஷாபிஈகள் சுத்தமான காலம் என்றும் ஹனபிகள் மாதவிடாய் என்றும் பொருள் கொள்வர். நம் ஜமாஅத்தில் இரு மத்ஹபினரும் இருப்பதால், பக்கத்து வீட்டாரின் கணக்கை நம்பாமல் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே நலம்.

நிற்க. சிங்கப்பூரில் 1958-ஆம் ஆண்டு முதல் ஷரியா நீதிமன்றம் இருந்து வருகிறது. வீட்டில் தலாக் சொல்லிவிட்டு அங்கே போகாமல் காலங்கடத்தும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவள் மனைவியா இல்லையா என்பது அந்தரத்தில் தொங்குகிறது. துன்புறுத்துவதற்காகப் பெண்ணைப் பிடித்து வைக்கலாகாது என்று ஸூரத்துல் பகராவின் 231-ஆம் ஆயத் தடுப்பது இதைத்தான்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. “ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்” என்று அழுகையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வாடகைக்குத் திண்டாடியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நிலுவை மஹர், இத்தாக் காலச் செலவு, முத்ஆ, பிள்ளைகளின் பராமரிப்பு, வீவக வீட்டில் உள்ள பங்கு ஆகியவற்றையெல்லாம் அந்த நீதிமன்றம் விசாரித்துத் தீர்க்கும். கேட்பது பேராசையன்று. கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு என்ற விவரம், மத்திய சேமநிதிக் கணக்கு இவற்றை முன்கூட்டியே ஒரு உறையில் போட்டு வையுங்கள். நகைகளில் எது மஹராக வந்தது, எது தாய்வீட்டுச் சீர் என்று நினைவு மங்குமுன் எழுதிவிடுங்கள். ஆண்களே, பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்பது ஸூரத்துன் நிஸாவின் கட்டளை.

காகிதங்களைச் சேர்த்துவிடலாம், மனத்தைத் தேற்றுவது எப்படி? விடுதலை பெற்ற பரீரா (ரலி) தம் கணவர் முகீதைவிட்டுப் பிரிந்தபோது, அவர் மதீனத்துத் தெருக்களில் தாடி நனைய அழுதபடி பின்னாலேயே திரிந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மனமிரங்கி, திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று வினவினார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றதும், அவர் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பெருமானார் கோபிக்கவில்லை. முகீதின் கண்ணீரை யாரும் கேலி செய்ததாகவும் நாம் படித்ததில்லை. நம் சபைகளிலோ அழும் ஆணுக்குப் பரிகாசமும் மறுக்கும் பெண்ணுக்கு வசையும் கிடைக்கின்றன.

பிள்ளைகளைத் தூது அனுப்பாதீர்கள். “உன் அத்தா பணம் கொடுத்தாரா?” என்று ஏழு வயதுக் குழந்தையைக் கேட்பது கொடுமை. வரும் நோன்புப் பெருநாள் காலையில் பிள்ளைகள் எந்த வீட்டில் இருப்பார்கள், மாலையில் எந்த வீட்டில் இருப்பார்கள் என்பதை இப்பொழுதே இருவரும் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புத்தாடை வாங்குவது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.