கொண்டி எந்தப் பக்கம்?

பேட்மிண்டன் கூடத்தில் ஏன் ஜன்னல் கூடாது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். காற்றடித்தால் இறகுப்பந்து திசை மாறும், வெளிச்சம் கண்ணில் பட்டால் பந்து தெரியாது. குஸ்திக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நம் ஊர்க் கல்லூரிகளில் ‘இன்டோர் ஸ்டேடியம்’ என்று எழும்புகிற கூடங்கள் முதல் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக் கட்டப்படுபவை. மல்யுத்தத்துக்கென்று தனிக்கூடம் கட்டும் அளவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் அதற்கு ஆள் கிடையாது. அதனால் வலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதே தரையில் மேட் விரிப்பார்கள்.

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றியிருக்கும், அக்கா மகள் மல்யுத்தம் பழகாமல் இருந்திருந்தால். பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் ஒரு கல்லூரி. காலையில் பையன்கள், மாலையில் பெண்கள். கூடத்தின் மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் மேல் பழைய விழா பேனர்களைத் திருப்பிப்போட்டு, வெளிப்பக்கமிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன்.

“தொறந்து வச்சா மதில்ல ஏறி நின்னு போன்ல எடுக்கானுவ மாமா. மூடுனா மூச்சு முட்டுது. சார் எங்ககிட்டதான் கேட்டாங்க, தொறக்கவா மூடவான்னு. மூடிருங்கன்னு நாங்கதான் சொன்னோம்.”

கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள், அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். முறைப்படி எல்லாம் சரி. ஆனாலும் இது அந்தப் பெண்கள் எடுத்த முடிவுதானா?

இதற்குப் பதில் தேடும் முன் ஜன்னலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ‘ஜன்னல்’ போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அதற்கு முன்பே தமிழில் ‘காலதர்’ என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தைப் பற்றியோ வேடிக்கை பார்ப்பதைப் பற்றியோ அந்தச் சொல்லில் பேச்சே இல்லை. உண்மையில் ஒரு ஜன்னல் மூன்று வேலை செய்கிறது. காற்றை விடுகிறது, வெளிச்சத்தை விடுகிறது, பார்வையை விடுகிறது. மூன்றும் ஒரே ஓட்டை வழியாக வருவதால் மூன்றும் ஒன்றே என்று பழகிவிட்டோம். பார்வையைத் தடுக்கப் பேனர் அடித்தால் காற்றும் வெளிச்சமும் சேர்ந்தே போய்விடுகின்றன.

பழைய பயிற்சிக் களங்களில் இந்தச் சிக்கல் இல்லை. ‘கோதாவில் இறங்கினான்’ என்கிறோமே, அந்த ‘இறங்கினான்’ வெறும் அலங்காரமில்லை. தோண்டிப் பதப்படுத்திய மண்ணில் உண்மையாகவே இறங்க வேண்டும். கேரளத்தின் குழிக்களரி இன்னும் தெளிவான உதாரணம். 42 அடி நீளம், 21 அடி அகலம், தரைக்குக் கீழே ஆளுயரப் பள்ளம், கிழக்கே வாசல். காலை வெயில் வாசல் வழியாக வரும், மேலே கீற்றுக்கூரை, பக்கவாட்டில் மண் குளிர்ச்சி. வெளியே போகிறவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது எளிதில் தெரியாது. வடஇந்திய அக்காடாக்கள் பெரும்பாலும் மரத்தடிதான். ஆனால் அங்கே பெண்களுக்கு இடமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் 2004-ல் ஏதென்ஸில்தான் வந்தது. பழைய களங்களில் பார்வை ஒரு பிரச்சினையாக இல்லாததற்கு, பார்க்கப்படுவதால் எதையும் இழக்காதவர்கள் மட்டுமே உள்ளே இருந்ததும் ஒரு காரணம்.

இனி மூச்சு முட்டுவது. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சுமார் ஐந்து வாரத்துக்குள் இறந்துபோனார்கள். போட்டி எடைக்கு இறங்குவதற்காக உடம்பின் நீரை வியர்வையாக வெளியேற்றும் முயற்சியில் நேர்ந்த சாவுகள். அவர்களில் ஒருவர் ரப்பர் உடையோடு பயிற்சி செய்த அறையின் வெப்பம் 92 டிகிரி ஃபாரன்ஹீட். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ரப்பர் உடையையும் சூடேற்றிய அறையையும் தடைசெய்தது. 92 ஃபாரன்ஹீட் என்பது சுமார் 33 செல்சியஸ். அங்கே ஹீட்டர் வைத்து உண்டாக்கிய அந்த வெப்பத்தை, பங்குனி மாலையில் திருநெல்வேலியில் ஓசியிலேயே வாங்கிக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் ரப்பர் உடை போடுவதில்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஆவியாகக் காற்று நகர வேண்டும். காற்று நகராத கூடத்தில் கட்டிப்பிடித்துப் புரளும் இரண்டு உடல்களும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்கின்றன.

வெயில் பட்டால் மேட்டில் இருக்கிற கிருமி செத்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. மல்யுத்தத்தில் படர்தாமரை பெரிய தொல்லை என்பதால் இதை லேசாகத் தள்ள முடியாது. வெயில் கிருமியைக் கொல்லும் என்பதை 1877-லேயே டவுன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அந்த வேலையைச் செய்யும் புற ஊதாக் கதிர்களில் முக்கியமான பகுதியைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே வடிகட்டிவிடும். அதனால் மேட்டைத் தினமும் மருந்து போட்டுத் துடைக்கத்தான் வேண்டும். வெளிச்சம் அழுக்கைக் காட்டும், நம்மைத் துடைக்க வைக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்? கட்டடக்கலைப் புத்தகங்கள் வடக்கு என்கின்றன. மில்களின் ரம்பப்பல் கூரை வடக்கு பார்ப்பதும் அதனால்தான். நேர்வெயில் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். ஆனால் அந்தப் பாடம் இங்கிலாந்து போன்ற ஊர்களில் எழுதப்பட்டது. பேட்டை இருப்பது ஏறத்தாழ 8.7 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கமுடியாமல் சூரியனின் பாதையைக் கணக்கிடச் சின்னதாக ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். சித்திரை பிறப்பை ஒட்டி நம் ஊரில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதிலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை, நாலரை மாதம், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. புத்தகத்தின் ‘வடக்கு வெளிச்சம்’ இங்கே அப்படியே செல்லாது.

பயப்படவும் தேவையில்லை. ஜூன் 21 நண்பகலில் வடக்கே சாயும் சூரியன் 75 டிகிரி உயரத்தில் இருக்கிறது. நாலடி உயர ஜன்னலுக்கு ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாக சன்ஷேடு நீட்டினால் போதும். டிசம்பரில் தெற்கே சாயும்போது 58 டிகிரி, அதற்கு இரண்டரை அடி. கஷ்டம் மேற்கில். பயிற்சி நடக்கும் மாலை 5 மணிக்கு, வருடம் முழுக்க சூரியன் ஏறத்தாழ 12-லிருந்து 23 டிகிரிக்குள்தான் நிற்கிறது. 15 டிகிரி வெயிலைத் தடுக்க 15 அடி சன்ஷேடு வேண்டும். யாரும் கட்டமாட்டார்கள். அந்த வெயில் மேட்டின் மேல் பட்டையாக விழும். நிழலிலிருந்து வெயில்பட்டைக்குள் புரளும்போது கண் கூசி ஒரு நொடி எதிராளியின் கை தெரியாது. கூரை நடுவே கண்ணாடி ஓடு பதிப்பதும் ஆகாது. பல விளையாட்டுகளில் மேலே பார்ப்பது எப்போதாவதுதான். இதில் மல்லாக்கத் தள்ளப்பட்டு, தோள் தரையில் படாமல் பாலம்போல் வளைந்து போராடுகிறவளுக்குத் தெரிவது கூரை மட்டுமே.

வெயில் விஷயத்தில் எதிரியான மேற்குதான் காற்று விஷயத்தில் நண்பன். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குற்றாலத்தில் சாரல் என்றால் பேட்டையில் சட்டை படபடக்கும். அந்தக் காற்றைத் தடுத்துவிட்டு உள்ளே பெடஸ்டல் ஃபேன் வைப்பது, தாமிரபரணிக் கரையில் நின்றுகொண்டு தண்ணீர்ப் பாக்கெட் வாங்குவது மாதிரி.

என் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு. வெவ்வேறு கவலைகளைத் தனித்தனியாகப் பிரித்து யோசி என்பது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்குப் பெயர் கொடுத்தார். ஒரே துண்டு நிரல் மூன்று வேலை பார்த்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் உடையும். பேனர் அடித்த ஜன்னலில் நடந்தது அதுதான். பிரித்துவிட்டால் என்ன ஆகும்? மேற்குச் சுவர் காற்றுக்கு மட்டும்: வெயிலையும் பார்வையையும் மறித்துக் காற்றை விடும் சாய்வுப் பலகைகளோ ஜாலிக்கற்களோ போதும். வடக்கிலும் தெற்கிலும் பத்தடிக்கு மேலே நீளவாக்கில் திறப்புகள்: அவை வெளிச்சத்துக்கும் சூடான காற்று வெளியேறவும். மதிலில் ஏறினாலும் போன் அங்கே எட்டாது. பெரிய செலவுமில்லை.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று கட்டுரையை முடிக்கலாம். முடிக்க முடியாததற்குக் காரணம் மூன்றாவது வேலை, பார்வை. அதை மொத்தமாக அடைத்துவிடலாமா?

பெந்தம் வடிவமைத்த சிறையை ஃபூக்கோ வழியாக நம்மில் பலர் அறிவோம். அதில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஜன்னல். வெளிப்பக்க ஜன்னல் வெளிச்சத்தை அறைக்குள் பாய்ச்சும், அந்த வெளிச்சத்தில் கைதியின் உருவம் நடுக்கோபுரத்துக்குத் தெரியும். காவலாளி இருக்கிறானா என்பது கைதிக்குத் தெரியாது. அங்கே ஜன்னலே காவல்காரன். மதில்மேல் நீளும் போனும் ஏறத்தாழ இதேதான். யார் எடுக்கிறான், எங்கே அனுப்புகிறான், எதுவும் தெரியாது. தெரியாததால் எப்போதும் யாரோ எடுப்பதுபோலவே உடம்பு கூசும்.

ஆனால் யாருமே பார்க்காத அறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத்தின் அன்றைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டிசம்பரில் சாக்ஷி தன் ஷூக்களை மேஜைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவனிப்பது வேறொன்றை. ‘பொம்பளப் பிள்ளைங்க பழகுற இடம், நல்லா அடைச்சு வைங்க’ என்று நாம் சொல்லும்போது ஆபத்து வெளியே மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அடைத்த அறைக்குள் அதிகாரம் உள்ளவர் ஒருவரும் இருக்கக்கூடும் என்பது கணக்கில் வருவதில்லை. அப்போது அந்தப் பெண்ணுக்குத் தேவை ஒரு சாட்சி.

வேடிக்கை பார்க்கிறவனுக்கும் சாட்சிக்கும் இங்கேதான் வித்தியாசம். இருவரும் பார்க்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறவன் யாரென்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது, அவனுக்குப் பொறுப்பும் இல்லை. சாட்சிக்குப் பெயர் உண்டு. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் கூடத்துக்குள் பார்வைக்கும் ஒரு திறப்பு வேண்டும். அது மதிலை நோக்கி இருக்கக்கூடாது. வளாகத்துக்குள் ஆசிரியர்களும் தோழிகளும் நடமாடும் தாழ்வாரத்தை நோக்கி இருக்கலாம். கதவில் கண் மட்டத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தாலே பாதி வேலை ஆகிவிடும்.

‘பயலுவளத் திருத்தாம ஜன்னலத் திருத்தச் சொல்லுதியே’ என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. மதிலேறுகிறவனைப் பிடித்து விசாரிக்கவேண்டியது கல்லூரியின் கடமை, கட்டடம் அதற்கு மாற்றாகாது. ஆனால் ஊர் திருந்தும்வரை இந்த வருடத்துப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது பழைய கேள்விக்கு வரலாம். ‘மூடிருங்கன்னு நாங்கதான் சொன்னோம்.’ தத்துவவாதி யோன் எல்ஸ்டர் 1983-ல் எழுதிய புத்தகத்துக்கு நாம் எல்லாருக்கும் தெரிந்த நரியின் கதையைத்தான் தலைப்பாக வைத்தார், சீச்சீ இந்தப் பழம் புளிக்கும். கிடைக்காததை வேண்டாததாக மாற்றிக்கொள்ளும் மனதைப் பற்றிய புத்தகம். ஆனால் இந்தப் பெண்கள் அந்த நரியுமல்ல. காற்று வேண்டாம் என்று அவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. மூச்சு முட்டுகிறது என்பதையும் அதே வாயால்தான் சொல்கிறார்கள். இரண்டு கஷ்டங்களை எடைபோட்டுச் சிறியதை எடுத்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான முடிவு. குறை முடிவில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. மூச்சா மானமா என்று ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னதைச் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது கேட்டவர் தன் பொறுப்பைக் கைமாற்றிவிடும் தந்திரம். பையன்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. அவர்கள் பழகும்போது கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

ஒழுங்கான கட்டடம் செய்யவேண்டியது, இப்படி ஒரு கேள்வி எழாமல் செய்வது. மூச்சும் வெளிச்சமும் யாரும் கேட்காமலே மேலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, கைக்கு எட்டும் உயரத்தில் சாதாரண மர ஜன்னல்கள் இரண்டு வைக்கலாம். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே இருப்பவர்கள் இஷ்டம். கல்லூரி விடுமுறை நாளில் வளாகம் காலியாக இருக்கும்போது திறந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே தண்டால் எடுக்கலாம். கூட்டமான நாளில் சாத்திக்கொள்ளலாம். அப்போது சாத்துவதற்கு விலை கிடையாது, அதனால் அது நிஜமாகவே அவர்கள் முடிவு.

இன்றைக்கு அந்தப் பேனர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விலக்க முடியாது, ஆணி வெளிப்பக்கமிருந்து அடித்திருக்கிறது. புதுக் கூடம் கட்டும் கல்லூரிகளிடம் நான் கேட்கச் சொல்வது, திறப்புகள் எத்தனை சதுர அடி என்பதோடு இன்னொன்றையும்: அந்தக் கீழ் ஜன்னல்களுக்குக் கொண்டி எந்தப் பக்கம்?