அடித்தவன் தந்தை, அறிந்திருந்தது அரசு!

‘அது அவர்கள் வீட்டு விவகாரம். நமக்கெதற்கு வம்பு?’

இந்தச் சொல்லைக் கேட்காத தெரு உண்டா? அண்டை வீட்டிலே குழந்தை அலறுகிறது. கேட்ட காது திரும்பிக்கொள்கிறது. கண்ட கண் தாழ்ந்துகொள்கிறது. “பெற்றவனுக்கு இல்லாத உரிமையா?” என்கிறார் ஒருவர். “அடியாத மாடு படியாது” என்கிறார் இன்னொருவர். கதவு சாத்தப்படுகிறது. அலறல் அடங்குகிறது. நாமும் உறங்கிவிடுகிறோம்.

தனி மனிதர் உறங்கினால் அதனைக் கோழைத்தனம் என்று கூறிவிடலாம். அரசு உறங்கினால்? குழந்தை வதைபடுவதை அறிந்திருந்தும் அரசு வாளாவிருந்தால், அக்குழந்தையின் உடலிலே விழுந்த அடிக்கு அரசும் பொறுப்பாகுமா, ஆகாதா? இது வழக்குரைஞர்கள் மட்டும் வாதாடித் தீர்க்கும் கேள்வியன்று. அரசு என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்னும் அறக்கேள்வி. அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றத்திலே இக்கேள்வி ஒருநாள் எழுந்தது. அங்குக் கிடைத்த விடையை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் குமுறுகிறது.

விஸ்கான்சின் மாநிலத்திலே வின்னபாகோ மாவட்டம். 1979இல் பிறந்த ஒரு சிறுவன். மறு ஆண்டே பெற்றோர் மணமுறிவு பெற்றனர். நீதிமன்றம் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 1982 சனவரியில், அத்தந்தையின் இரண்டாம் மனைவி, தானும் அவனைவிட்டுப் பிரியும் வேளையில், குழந்தையை அவன் அடிப்பதாகக் காவல்துறையிடம் கூறினாள். நலத்துறையினர் தந்தையைக் கேட்டனர். அவன் இல்லை என்றான். அத்தோடு முடிந்தது விசாரணை!

1983 சனவரியில் காயங்களோடு குழந்தை மருத்துவமனைக்கு வந்தது. மருத்துவர் ஐயுற்றுத் தெரிவித்தார். நீதிமன்ற ஆணையின்படி குழந்தை மருத்துவமனைக் காவலில் வைக்கப்பட்டது. எத்தனை நாள்? மூன்றே நாள்! மருத்துவரும், உளநூலாரும், காவல்துறையினரும், மாவட்ட வழக்குரைஞரும், நலத்துறையினரும் கூடிப் பேசினர். போதிய சான்று இல்லை என்றனர். குழந்தையைத் தந்தையிடமே திருப்பித் தந்தனர். குழந்தையைச் சிறுவர் பள்ளியில் சேர்க்க வேண்டும், உடன் வாழும் பெண் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

ஒரு மாதத்திலே மீண்டும் மருத்துவமனை. மீண்டும் காயம். மீண்டும் ‘நடவடிக்கைக்கு இடமில்லை’. அதன்பின் ஆறு மாதக் காலம், மாதந்தோறும் நலத்துறை அலுவலர் அவ்வீட்டிற்குச் சென்றார். குழந்தையின் தலையிலே காயங்களைக் கண்டார். எழுதிக்கொண்டார். பள்ளியில் சேர்க்கப்படவில்லை; எழுதிக்கொண்டார். அந்தப் பெண் வெளியேறவில்லை, அதையும் எழுதிக்கொண்டார். நவம்பரில் மூன்றாம் முறை மருத்துவமனை. அதற்கடுத்த இரு முறை சென்றபோது, உடல்நலமில்லை, பார்க்க முடியாது என்று கூறப்பட்டது. அலுவலர் திரும்பி வந்தார்.

1984 மார்ச்சில் அந்தத் தந்தை அடித்த அடியில் நான்கு வயதுக் குழந்தை நினைவிழந்து வீழ்ந்தது. மண்டையைத் திறந்து மருத்துவர்கள் பார்த்தபோது, நெடுங்காலமாக விழுந்த அடிகளால் மூளையிலே குருதி கசிந்திருந்தது தெரிந்தது. உயிர் தப்பியது, அறிவு தப்பவில்லை. மீளாத மூளைச் சிதைவோடு, பிறர் துணையாலேயே வாழ்ந்து, 2015இல், தன் 36ஆம் வயதிலே அவன் மறைந்தான். அடித்த தந்தையோ இரண்டு ஆண்டுகூடச் சிறையில் இருக்கவில்லை.

குழந்தையின் சார்பிலே தாய் வழக்குத் தொடுத்தாள். எந்தச் சட்டத்தின்கீழ்? 1871இல் அமெரிக்கப் பேராயம் இயற்றிய சட்டத்தின்கீழ். அச்சட்டம் ஏன் பிறந்தது? அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்களைக் கு கிளக்ஸ் கிளான் கும்பல் வேட்டையாடியபோது, தடுக்க வேண்டிய மாநில அரசுகள் கைகட்டி நின்றன. அந்தக் கைகட்டலைக் கண்டித்துப் பிறந்த சட்டம் அது! ஆனால், 1989 பிப்ரவரி 22ஆம் நாள், டிஷேனி எதிர் வின்னபாகோ மாவட்டம் என்னும் அவ்வழக்கிலே, நீதிபதிகள் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று அளித்த தீர்ப்பு என்ன? அரசுக்குப் பொறுப்பில்லை!

தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கூறிய காரணங்களை நேர்மையோடு எடுத்துக்காட்டுவது நம் கடமை. அரசியல் சட்டம் அரசின் கையைக் கட்டுவதற்கே ஏற்பட்டது; தனி மனிதன் செய்யும் கொடுமையிலிருந்து காப்பதாக அது உறுதி கூறவில்லை. சிறையிலோ விடுதியிலோ அரசு ஒருவரை அடைத்து வைத்திருந்தால், அவரைக் காக்கும் கடமை உண்டு. இக்குழந்தையோ தந்தையின் வீட்டிலே இருந்தான். அடித்தவன் தந்தை, அரசன்று. இழப்பீடு வேண்டுமானால் மாநில மக்கள் தம் சட்டமன்றத்தின் வழியே அதற்கு விதி செய்துகொள்ளலாம். இதுவே அவர் வாதம்.

சட்டமன்றத்தின் வழியாகவாம்! நான்கு வயதுக் குழந்தைக்கு வாக்குச்சீட்டு உண்டா? ஊர்வலம் நடத்துமா அது? மேடை ஏறிப் பேசுமா? பெரும்பான்மையைத் திரட்ட இயலாதவனுக்காக அன்றோ அடிப்படை உரிமை என்று ஒன்றை எழுதி வைத்தார்கள்!

அடுத்த வாதத்தைப் பார்ப்போம். அரசு அடிக்கவில்லை, உண்மை. ஆனால் அரசு ஒன்றுமே செய்யவில்லையா? இங்கேதான் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன் நுட்பமானதோர் உண்மையைக் காட்டினார். குழந்தை வதை பற்றி யார் அறிந்தாலும் நலத்துறைக்குத் தெரிவியுங்கள் என்று அம்மாநிலச் சட்டமே வழி வகுத்திருந்தது. மருத்துவர் தெரிவித்தார், காவலர் தெரிவித்தார். தெரிவித்தபின், ‘இனி அரசு பார்த்துக்கொள்ளும்’ என்று தத்தம் வழியே சென்றனர். ஆகவே, பிறர் நீட்டியிருக்கக்கூடிய கைகளை எல்லாம் அரசு தன் கையிலே வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு மடியிலே வைத்துக்கொண்டது!

சிலப்பதிகாரம் படித்தோர்க்குப் பொற்கைப் பாண்டியன் கதை நினைவுக்கு வரும். வெளியூர் சென்ற கீரந்தை, அரசனின் காவலைவிடச் சிறந்த வேலி இல்லை என்று மனைவிக்குத் துணிவு கூறிச் சென்றான். அச்சொல்லைக் கேட்ட பாண்டியன் அவ்வீட்டைக் காவல் காத்தான். ஒருநாள் கணவன் திரும்பி வந்திருப்பதை அறியாது கதவைத் தட்டிவிட்ட பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டான். கதையோ, வரலாறோ, அது ஆராய்ச்சியாளர்களின் வேலை. கருத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். ‘அரசே வேலி’ என்று நம்பி ஒருவன் வேறு வேலி தேடாது செல்கிறான். அந்த நம்பிக்கையே அரசனுக்குக் கடனாகிறது. காத்த காவலிலே நேர்ந்த சிறு பிழைக்கே கையைக் கொடுத்தான் கதையின் மன்னன். காவாது விட்ட பெரும்பிழைக்குக் காசு கொடுக்கவும் கடமையில்லை என்கிறது வின்னபாகோ!

கறுப்பினத்தவருள் முதன்முதலாக அம்மன்றத்தில் அமர்ந்த தர்குட் மார்ஷல் பிரென்னனோடு நின்றார். மூன்றாமவரான பிளாக்மன், அக்குழந்தையைப் பெயர் சொல்லி இரங்கினார். தப்பியோடிய அடிமைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கைவிரித்த பழங்கால நீதிபதிகளை நினைவூட்டினார்.

நம் கட்சிக்கு எதிராக வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாகாது. ‘அரசை வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? ஐயம் எழுந்த உடனே குழந்தையைப் பறித்துச் செல்லாதா?’ என்பதே அது. வெறும் அச்சமன்று இது. ஆத்திரேலியாவிலே, கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில், பழங்குடிக் குழந்தைகளை நன்மை என்ற பெயரால் தாயின் மடியிலிருந்து பறித்தது அரசு. 2008 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்திலே அதற்காக மன்னிப்புக் கேட்டார். வறுமையைப் புறக்கணிப்பு என்று எண்ணி ஏழைத் தாயைத் தண்டிக்கும் தவறும் நேரக்கூடியதே.

ஆனால் இவ்வாதம் எதை மெய்ப்பிக்கிறது? அரசு ஆராய்ந்து செயல்பட வேண்டும் என்பதை. அரசு உறங்கலாம் என்பதையன்று! கத்தியைத் தவறாகப் பிடித்த மருத்துவர் உண்டு என்பதற்காக, நோயாளியைச் சாகவிட்ட மருத்துவரை மன்னிப்போமா? தவறாகப் பறித்தாலும் பொறுப்பு. தவறாகக் கைவிட்டாலும் பொறுப்பு. இரு பக்கமும் பொறுப்பு இருந்தால்தான் தராசு நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டுமே வழக்கு வருமென்றால், அலுவலர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஐரோப்பா இவ்வழியில் ஓரடி முன்னே சென்றது. இங்கிலாந்திலே, பசியும் அழுக்கும் சூழ்ந்த வீட்டில், குப்பைத் தொட்டியிலே உணவு தேடிய உடன்பிறந்த குழந்தைகளின் நிலை 1987 அக்டோபரிலேயே நலத்துறைக்குத் தெரிந்தது. அவர்கள் மீட்கப்பட்டதோ 1992 ஜூனில்! பொறுப்புச் சுமத்தினால் அலுவலர்கள் அஞ்சி அஞ்சிச் செயல்படுவர் என்று கூறி, 1995இல் பிரபுக்கள் அவை வழக்கைத் தள்ளியது. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2001 மே 10ஆம் நாள் வேறு விடை கூறியது. மனிதத்தன்மையற்ற கொடுமையிலிருந்து குழந்தைகளைக் காக்க அரசு தவறியது. அவர்களுக்குத் தக்க பரிகாரமும் தரவில்லை. இழப்பீடு தருக என்றது. வானம் இடிந்து விழவில்லை.

அந்த 1989ஆம் ஆண்டிலேயே, நவம்பர்த் திங்களில், ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையை வன்முறையிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது அதன் 19ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. அமெரிக்காவோ கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

நம் நாட்டிலே, 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் அறிவிக்காதவரைத் தண்டிக்கிறது. புகாரை எழுதிக்கொள்ளாதவருக்கும் தண்டனை உண்டு. நன்று. ஆனால் எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிட்டால்? வின்னபாகோவிலே எழுதாமலா விட்டார்கள்? எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள்!

ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. நாம் ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டு. மூன்றாம் வரிசையிலே அமர்ந்த சிறுவன் ஒருவன், முழங்கைக்கு மேலே சூடுபட்ட தழும்போடு வந்தான். கேட்டோம். “விழுந்துவிட்டேன் ஐயா” என்றான். விழுந்தால் தழும்பு அப்படி இராது என்பது நமக்குத் தெரியும். தலைமையாசிரியரிடம் சொன்னோம், பார்க்கலாம் என்றார். நம் குறிப்பேட்டிலே தேதியிட்டு எழுதிக்கொண்டோம். அடுத்த மாதம் அவன் வரவில்லை. குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்றார்கள். குறிப்பேடு இன்றும் நம் மேசையிலே இருக்கிறது. சிறுவன் எங்கே என்று தெரியாது.

ஆகவே, நலத்துறை அலுவலர்மீது கல்லெறிய நமக்குத் தகுதியில்லை. நாம் கேட்பது பழிவாங்கல் அன்று. அலுவலர் ஒருவரைத் தூக்கிலிட்டு அரசு தப்பித்துக்கொள்வதும் அன்று. அறிந்திருந்ததா, தடுக்கும் ஆற்றல் இருந்ததா, தக்கதைச் செய்ததா என்று மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை குழந்தைக்கு வேண்டும். அறிந்திருந்தது, ஆற்றலும் இருந்தது, செய்யவில்லை என்று தெளிந்தால், அதன் விலையை அரசே கொடுக்க வேண்டும். கொடுக்க நேரும் என்று தெரிந்தால்தான், போதிய ஆட்களையும், பயிற்சியையும், அடைக்கல இல்லங்களையும் அரசு முன்கூட்டியே தேடும்.

வீடு குழந்தைக்குக் கோட்டை என்பர். கோட்டைக்குள்ளே பகைவன் இருந்தால், வெளியே நிற்கும் வேலிக்கு வேலை இல்லையா? அடுத்த முறை அண்டை வீட்டிலே அலறல் கேட்கும்போது, எழுதிக்கொள்வதோடு நில்லாமல் கதவைத் தட்டுவோம். தட்ட வேண்டிய அரசையும் தட்டி எழுப்புவோம்!