நேற்று எழுதிய சடங்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மதம் பற்றிய கேள்விக்கு ஏறத்தாழ 74,000 பேர் ‘பேகன்’ என்று பதில் எழுதினார்கள். ‘விக்கா’ என்று தனியாக எழுதியவர்கள் சுமார் 13,000 பேர். அந்த 74,000 பேரில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டில் ஒரு சிறுநகரத்தில், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் வீட்டில் பிறந்தவள். வேலைக்காக வட இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. நான் மதம் மாறவில்லை. மாறுவதற்கு இதில் ஞானஸ்நானமும் இல்லை, சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட ஒரு பதிவேடும் இல்லை.

பேகன் என்பது ஒரு காலத்தில் வசைச்சொல். லத்தீனில் நாட்டுப்புறத்தைச் சேர்ந்தவர் என்ற பொருள் கொண்ட சொல்லை, பழைய தெய்வங்களைக் கைவிடாதவர்களை இழிவாகக் குறிக்கக் கிறிஸ்தவ ஐரோப்பா எடுத்துக்கொண்டது. அதே கண் நம்மையும் பார்த்தது. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்க் வெளியிட்ட தமிழ்ச் சிறுநூலின் பெயர் ‘அக்கியானம்’. மாரிக்குக் கூழ் ஊற்றிய நம் பாட்டிகளின் பாட்டிகள் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இருநூறு வருடங்களுக்கும் மேலான பிறகு ஐரோப்பியர்கள் சிலரே அந்தப் பெயரை விரும்பிச் சூட்டிக்கொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்கும்போது எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும்.

எங்கள் வட்டத்தில் ஏழு பேர். எல்லோரும் பெண்கள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், செவிலியர் இருவர், ஒரு கல்லூரி மாணவி, மற்றவர்கள். வருடத்தில் எட்டு நாட்கள் கூடுகிறோம். பகல் மிக நீண்ட நாள், மிகக் குறுகிய நாள், பகலும் இரவும் சமமாக வரும் இரண்டு நாட்கள், இவற்றுக்கு நடுவே வரும் நான்கு நாட்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், இன்றோடு இருட்டு குறையத் தொடங்குகிறது என்று ஏழு பேர் விளக்கேற்றிச் சொல்வது சின்ன விஷயமில்லை. யாராவது ஒருவரின் வீட்டு முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக நிற்போம். நான்கு திசைகளையும் வணங்குவோம். பூசாரி கிடையாது. வட்டத்தைத் தொடங்கி வைப்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவார்.

இந்த எட்டில் எனக்கு முக்கியமானது அக்டோபர் 31. இறந்தவர்களின் பெயரைச் சொல்லும் இரவு.

என் அம்மா இறந்தபோது விமானம் பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். நான் ஒரே பிள்ளை. ஆனால் கொள்ளி வைத்தவன் பெரியப்பா மகன். பத்து வருடங்களில் அவன் அம்மாவை இரண்டு முறை பார்த்திருப்பான். தெருமுனை வரை நடந்தேன். அங்கே பெண்கள் எல்லோரும் நின்றார்கள், நானும் நிறுத்தப்பட்டேன். “இதுதானம்மா நம்ம வழக்கம்” என்று ஒரு பெரியவர் அன்பாகவே சொன்னார்.

அந்த வருடம் அக்டோபர் 31 அன்று ஒரு சடங்கை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஓர் அகல், ஒரு கைப்பிடி பச்சரிசி. அம்மாவின் பெயரையும், அவள் அம்மாவின் பெயரையும், எனக்குத் தெரிந்த கடைசிப் பெண்ணின் பெயர் வரைக்கும் தமிழில் சொன்னேன். அரிசியைத் தண்ணீரில் விட்டேன். தமிழ் தெரியாத ஆறு பெண்கள் ஒவ்வொரு பெயரையும் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னார்கள்.

அத்தை போனில் கேட்டாள்.

“எந்தச் சாஸ்திரத்துலடி இருக்கு இது?”

“சாஸ்திரத்துல இல்ல அத்தை. நானே எழுதுனது.”

“நீயே எழுதுனா எப்படிடி பலிக்கும்?”

அத்தை ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். இந்தப் பாதையில் இருக்கும் எவரும் தப்பிக்க முடியாத கேள்வி அது. நேற்று எழுதியது என்று தெரிந்த ஒரு சடங்கை ஒருத்தி நேர்மையாகச் செய்ய முடியுமா?

‘இது நேற்று எழுதியதே இல்லை, மிகப் பழையது’ என்பது சுலபமான பதில். பேகன் உலகம் பல காலம் அதைத்தான் சொன்னது. விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் ஓய்வுபெற்ற காலனிய அதிகாரி. இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலும் மலாயாவின் ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்துப் பிறகு சுங்கத் துறைக்குப் போனவர். அந்தத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் கூலிகளாக இருந்த காலம் அது. 1951இல் இங்கிலாந்து தன் பழைய சூனியச் சட்டத்தை நீக்கியது. 1954இல் கார்ட்னர் ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று ரகசியமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது, தான் அதில் தீட்சை பெற்றவன் என்றார். அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்பதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் விரிவாகக் காட்டினார். இன்று படித்த பேகன்கள் பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

பழமை என்ற அந்த வாதம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தது என்பதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். டோரீன் வேலியன்டே 1953இல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றார். பழைய மந்திரங்கள் என்று கார்ட்னர் காட்டிய நோட்டில் அலிஸ்டர் குரோலியின் வரிகள் கலந்திருப்பதை அடையாளம் கண்டுகொண்டார். கார்ட்னரிடமே அதைச் சொல்லி, பலவற்றைத் தானே திருத்தி எழுதினார். இன்று உலகெங்கும் விக்கா வட்டங்களில் சொல்லப்படும் அழகான வாசகங்களில் பல அவர் கைப்பட்டவை. 1957இல் வட்டத்துக்குள் சண்டை வந்தது. கார்ட்னர் பத்திரிகைகளில் விளம்பரம் தேடுவதை வேலியன்டேயும் மற்ற சிலரும் எதிர்த்தார்கள். கட்டுப்பாட்டு விதிகள் வேண்டும் என்றார்கள். விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று சொல்லி ‘பண்டைய சட்டங்கள்’ சிலவற்றை கார்ட்னர் எடுத்துக்கொடுத்தார். அதில் ஒன்று: தலைமைப் பூசாரிணி வயதானால், இளையவள் ஒருத்திக்கு இடம்விட்டுக் கண்ணியமாக ஒதுங்க வேண்டும். வேலியன்டேக்கு அப்போது 35 வயது. கார்ட்னர் 70ஐக் கடந்தவர். அவர் ஒதுங்க வேண்டும் என்று எந்தப் பண்டைய சட்டமும் சொல்லவில்லை.

வேலியன்டே அந்தச் சட்டங்களை நம்பவில்லை, வெளியேறினார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சடங்கின் வாசகம் எப்படி எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும், எழுதியவரே அவர்தான். எழுதத் தெரிந்தவளிடம் ‘இது எழுதப்படாதது, ஆதியிலிருந்து வருவது’ என்று சொல்லிப் பணிய வைப்பது கஷ்டம்.

தெருமுனையில் என்னை நிறுத்திய வழக்கத்துக்கும் ஒரு நாள் தொடக்கம் இருந்திருக்கும், யாரோ அதைச் சொல்லியிருப்பார்கள். சபரிமலைக்கு 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் போகக் கூடாது என்பதை ஆதிகால மரபு என்றார்கள். ஆனால் அந்தத் தடை முழுமையாக நடைமுறைக்கு வர 1991இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பெண்களைத் தடுக்கும் வழக்கங்களுக்கு ஆசிரியர் பெயரோ தேதியோ இருப்பதில்லை. அதனால் யாரிடம் போய்க் கேள்வி கேட்பது என்று தெரிவதில்லை.

இன்னொரு பதிலும் உண்டு. ‘எங்கள் தெய்வம் பெண், அது போதும்’ என்பது. அமெரிக்க இறையியலாளர் கரோல் கிறிஸ்ட் 1978இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த இயக்கத்துப் பெண்களுக்குப் பாடநூல் மாதிரி. கடவுளைத் தந்தையாக மட்டுமே வணங்கும் பெண், தன் சக்தி ஏதோ குறைபட்டது என்று உள்ளூர நம்பிவிடுகிறாள், ஆகவே பெண்களுக்குத் தேவி வேண்டும் என்பது அதன் சாரம். தேவாலயத்தில் வளர்ந்த என் தோழிகளுக்கு அந்தக் கட்டுரை கதவைத் திறந்தது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு முறை அவர்கள் காளியை வட்டத்துக்கு அழைக்க ஆசைப்பட்டபோது, நான் வளர்ந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். தெருவுக்குத் தெரு அம்மன். காளி, மாரி, அங்காளம்மன், பேச்சி. மாதத்தில் ஐந்து நாட்கள் அந்த வாசல்களைத் தாண்டி நான் போகக் கூடாது. நாக்கைத் துருத்திக்கொண்டு சூலத்தோடு நிற்கும் தெய்வத்துக்கு என் தீட்டு ஆகாது என்று சொன்னவர்கள், அவளைக் கேட்டுச் சொல்லவில்லை. மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாங்களே அபிஷேகம் செய்யலாம், மாதவிலக்கு தடையில்லை. அது பெரிய மாற்றம், லட்சக்கணக்கான பெண்கள் அதனால் செவ்வாடை உடுத்தினார்கள். ஆனால் அங்கும் அம்மனின் அருள்வாக்கைச் சொன்னவர் ஓர் ஆண். ‘அம்மா’ என்று அழைக்கப்பட்டவரும் அவர்தான். தெய்வம் பெண்ணாக இருப்பது மட்டும் போதாது. அவள் சார்பில் யார் பேசுகிறார்கள், வாசல் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நேற்று எழுதியது எதனால் பலிக்கிறது?

இதற்குப் பதில் தேட நான் இங்கிலாந்தில் அலைய வேண்டியதில்லை. 1920களின் இறுதியிலிருந்து தமிழர்கள் புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்தார்கள். பெரியார் கடவுளே வேண்டாம் என்றவர், என் பாதை அவருக்குப் பிடித்திருக்காது. ஆனாலும் அந்தத் திருமணத்தின் தர்க்கம் எனக்குப் பாடம். இதுவும் ஒரு கல்யாணமா என்று ஊர் கேட்டது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றமே செல்லாது என்றது. 1967இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சட்டம், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. சட்டம் வருவதற்கு முந்தைய நாற்பது வருடங்களும் அந்தத் தம்பதிகள் கணவன் மனைவியாகத்தான் வாழ்ந்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். புரிகிற மொழியில் ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சாட்சியாக இருந்தார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதில்தான் அது பலித்தது.

என் அம்மாவுக்கான சடங்கும் அப்படித்தான். ஆறு பெண்கள் என் அம்மாவின் பெயரை வாயால் சொன்னார்கள். அடுத்த வருடமும் மறக்காமல் சொன்னார்கள். அம்மாவின் ஆத்மா கரைசேர்ந்ததா என்பதைப் பற்றி நான் உறுதி சொல்ல மாட்டேன். அவள் மகள் அவளை வழியனுப்பினாள். அது நடந்தது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே எழுதலாம் என்றால், பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் கடைவீதியாக இது ஆகிவிடும். ஆகியும் இருக்கிறது. பளிங்குக் கற்களும் வாசனை மெழுகுவத்திகளும் விற்கும் கடைகளைப் பார்த்தால் தெரியும். அத்தையின் பக்கத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. துக்கத்தில் உடைந்து கிடப்பவளுக்கு உட்கார்ந்து எழுதத் தெம்பிருக்காது. தன்னைவிடப் பழைய ஒன்று அவளைத் தாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் அரிசியையும் அகலையும் நான் விடவில்லை. அவை என் கண்டுபிடிப்பு இல்லை. பழையதிலிருந்து எடுக்கலாம், எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும் என்பதே என் நிலை.

நாமே எழுதுகிறோம் என்றால் உண்மைக்கும் நாமே பொறுப்பு. ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு பேகன் கூட்டங்களில் இன்னும் ஒலிக்கிறது. 1893இல் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் என்ற பெண்ணியவாதியின் புத்தகத்தால் பரவிய எண் அது. ஆவணங்களைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மை பெண்கள். இந்த எண் போதாதா? இறந்தவர்களின் பெயரைச் சொல்லும் இரவில், இல்லாதவர்களைக் கூட்டிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

என் தோழிகள் தங்களை ‘விட்ச்’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அவமானச் சொல்லைப் பறித்து அணிவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘சூனியக்காரி’ என்ற சொல்லை நான் எனக்குச் சூட்டிக்கொள்வதில்லை. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ அந்த முத்திரையால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர். பிறகு அதே முத்திரை விழுந்த மற்ற பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்டார். அவருக்கும் அஸ்ஸாமின் பீருபாலா ராபாவுக்கும் 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அஸ்ஸாம் இதற்கெதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது 2015இல்தான். அந்தச் சொல் இன்னும் பெண்களைக் கொல்கிறது. கொல்லப்படுபவளின் நிலத்துக்கும் வீட்டுக்கும் குறிவைத்தும் அது வீசப்படுகிறது. எனக்கு அது ஆபரணமாக இருக்க முடியாது.

எங்கள் வட்டத்துக்கு ஒரு நோட்டு இருக்கிறது, கோடு போட்ட சாதாரண நோட்டு. ஒவ்வொரு சடங்கையும் அதில் எழுதி, கீழே எழுதியவரின் பெயரையும் தேதியையும் போடுவது எங்களிடம் உள்ள ஒரே கட்டாய விதி. யார் வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம், திருத்தியவரும் கையெழுத்திட வேண்டும். அம்மாவுக்காக நான் எழுதிய பக்கத்தில் போன வருடம் மாணவி ஒரு வரி சேர்த்திருக்கிறாள். பெயர் தெரியாமல் போன பெண்களுக்காகவும் ஒரு கைப்பிடி அரிசி. பக்கத்தில் அவள் கையெழுத்து, தேதி. என் வரியைவிட அது நன்றாக இருக்கிறது.