இடுப்பில் ஒரு பிடி

எறும்புக்கு இரண்டு வயிறா? அந்தப் படத்தைப் பார்த்ததும் அப்படித்தான் தோன்றியது. தலை, நெஞ்சு, நூலாய் மெலிந்த இடுப்பு, அதற்குப் பின்னால் கீழும் மேலுமாக இரண்டு செம்பழுப்பு உருண்டைகள். நிறம், அளவு, மினுமினுப்பு எல்லாம் ஒன்றுபோலவே. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் மேலே இருந்த உருண்டைக்குக் கால்கள் இருப்பது கண்ணில் பட்டது.

அது வண்டு. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்.

*

கோஸ்டா ரிகாவின் கரிபியன் பக்கத்துத் தாழ்நில மழைக்காட்டில் லா செல்வா என்ற இடம். அங்குள்ள உயிரியல் ஆய்வு நிலையத்துக்குப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் வந்துபோகிறார்கள். ஓயாமல் தேடப்பட்ட காடு அது. அதில், எல்லோரும் பார்த்துப் பழகிய எறும்பு வரிசையிலேயே இந்த வண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒளிந்திருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

அந்த எறும்பு எசிட்டான் மெக்சிக்கானம், படையெறும்பு இனம். அதற்கு மண்ணால் கட்டிய வீடு கிடையாது. ஒன்றன் காலை ஒன்று பற்றித் தொங்கும் உடல்களே சுவர், கூரை எல்லாம். இரண்டு மூன்று வாரம் ஓரிடத்தில் தங்கும். ராணி முட்டையிடுவது அப்போதுதான். அடுத்த இரண்டு மூன்று வாரம் இரவுதோறும் இடம்பெயரும். கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் சிற்றுயிர்கள் பல, எறும்பின் தடத்து வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்கின்றன. இந்த வண்டு நடப்பதில்லை. நடுத்தர அளவுள்ள வேலைக்கார எறும்பு ஒன்றின் இடுப்புக் கணுக்களுக்கு நடுவே தாடையால் கவ்விக்கொள்கிறது. எறும்பு நடக்கிறது.

*

2017இல் கிறிஸ்டோஃப் வான் பீரனும் அலெக்ஸி டிஷெச்கினும் இந்த வண்டைப் புதிய இனமாக விவரித்தார்கள். நிம்ஃபிஸ்டர் குரோனவேரி என்று பெயர். படையெறும்புகளை ஆராயும் டேனியல் குரோனவரின் பெயரில் வைத்தது.

விவரிப்பது என்றால் என்ன என்றுதான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் உடலை மூல மாதிரியாகக் குறித்து வைக்க வேண்டும். பெயர் என்றென்றைக்கும் அந்த உடலோடு கட்டுண்டது. தலையின் வடிவம், உணர்கொம்பு, இறக்கை உறையின் மேற்பரப்பு, ரோமங்களின் அமைப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். பொறுமையான வேலை. அதை நான் வணங்குகிறேன். இதற்கு முன் யாரும் இவ்வளவு அருகில் இந்த உயிரைப் பார்த்ததில்லையே.

ஆனால் அளக்க வேண்டுமானால் எறும்பிலிருந்து பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டால் தனியாக ஒரு சின்ன வண்டு. அந்த உருண்டை உடம்பு எதைப் போல இருக்கிறது என்பது எறும்பின் வயிற்றுக்கு அருகே வைத்தால்தான் விளங்கும். அதனால்தான் கவ்விய நிலையில் எடுத்த படம், எனக்கு, அளவுகளுக்குச் சமமான பாதி விவரிப்பு.

*

மறுபடி படம். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை இன்று.

படையெறும்பு இடம்பெயரும்போது தன் கூட்டத்துப் புழுவை வயிற்றுக்கு அடியில், கால்களுக்கு நடுவே தொங்கவிட்டுத் தூக்கிப்போகும். பார்வை என்று சொல்லத்தக்கது அதற்கு அநேகமாக இல்லை. இருட்டில், ஈர இலைகளின் மேல், முன்னே போனவற்றின் வாசனையைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. அப்படிப் போகிற வரிசையில் எங்கோ ஒன்றின் இடுப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் பாரம், வாயைத் திறக்காமல்.