அனுமதிப்பத்திரமும் மனச்சாட்சியும்

சட்டம் அனுமதிப்பதெல்லாம் நீதியாகுமா? ஒழுக்கவியலில் மிகப் பழைமையான இக்கேள்வி, வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் வந்து நிற்கிறது. நிலைக்கும் கதவுக்கும் முதிரை வேண்டும் என்கிறார் ஓடாவியார். மரக்காலையில் முதிரை இருக்கிறது. அதற்குரிய அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. இதற்கு மேலும் நாம் சிந்திக்க ஏதும் உண்டா?

எமது நாட்டின் வரலாறே இதற்கு விடை தருகிறது. கலமந்தர் என்னும் மரத்தை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? சிங்களத்தில் கலுமெதிரிய எனப்படும் இது கருங்காலிக் குடும்பத்தைச் சேர்ந்தது, இலங்கைக்கே உரியது. கபில நிறத்தில் கரிய வரிகள் ஓடும் இதன் வைரத்தை ஐரோப்பியச் செல்வர் பெரிதும் விரும்பினர். 1845 முதல் 1850 வரை இங்கு குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாயிருந்த சேர் எமர்சன் தெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அளவின்றித் தறித்தமையால் இம்மரம் கிடைத்தற்கரியதாகி விட்டது என எழுதினார். இம்மரத்தை அருகச் செய்தது கள்வரின் கோடரியன்று. ஒளிவுமறைவின்றி நடந்த வியாபாரமே.

அன்றைய சட்டம் வேறு, இன்றைய சட்டம் வேறு என ஒருவர் கூறலாம். உண்மைதான். 1973இல் வாஷிங்டனில் கைச்சாத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்த சைற்றிஸ் உடன்படிக்கை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தை ஒழுங்குபடுத்துகிறது. இலங்கை 1979இல் இதிற் சேர்ந்தது. பிரேசில் நாட்டு ரோஸ்வூட் 1992இல் இதன் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றது. காட்டில் தறித்த அம்மரத்தை வியாபாரத்துக்காக எல்லை கடத்தல் ஆகாது. இரண்டாம் அட்டவணையிலுள்ள மரங்களை விற்கலாம். ஆனால், அவ்விற்பனையால் அந்த இனத்தின் நிலைபேற்றுக்குக் கேடில்லை என்பதை ஏற்றுமதி செய்யும் நாட்டின் விஞ்ஞான அதிகாரசபை முதலில் உறுதிசெய்ய வேண்டும். செஞ்சந்தனம் 1995 முதல் இவ்விதிக்கு உட்பட்டது.

இது நல்ல விதி. வியாபாரத்தை ஒழிக்காமல், எவ்வளவு எடுத்தால் காடு தாங்கும் என்று கேட்கும் விதி. ஆயினும் வன்னிக் காட்டில் தறித்த முதிரை யாழ்ப்பாணத்தில் கதவாகும்போது எந்த நாட்டின் எல்லையையும் கடப்பதில்லை. இவ்விதி அதைத் தொடுவதுமில்லை. உள்ளூர் அனுமதிப்பத்திரம், மரம் யாருடையது, எங்கிருந்து எங்கே போகிறது என்பதைச் சொல்லும். காட்டில் இன்னும் எத்தனை முதிரைகள் நிற்கின்றன என்பதைச் சொல்லாது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1998இலேயே முதிரையை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாகக் கணித்தது.

இரு தரப்பினர் மனமொத்து, உரிய விலை கொடுத்து வாங்கினால் அது நீதியான கொடுக்கல் வாங்கல் என்போம். மெல்ல வளரும் மரத்தின் விற்பனையிலோ மூன்றாவது தரப்பொன்று உண்டு. அது இன்னும் பிறவாத எமது சந்ததி. அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. விலையில் அவர்களுக்குப் பங்குமில்லை. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுப்பதில்லை, பாரதூரமானவற்றையே தடுக்கிறது எனப் புனித தோமஸ் அக்குவினாஸ் போதித்தார். சட்டம் நின்றுவிடும் இடத்திலிருந்து மனச்சாட்சி தன் பணியைத் தொடர வேண்டும்.

போரில் வீடிழந்து, 2009க்குப் பின் கூரைக்கு மரம் தேடிய ஏழையைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. தேவை வேறு, ஆடம்பரம் வேறு. அவனது கூரை வளையையும், அயலவர் மெச்சவென்று செய்விக்கும் சித்திரக் கதவையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. 'நான் ஒருவன் வாங்காமல் விட்டால் காடு பிழைத்துவிடுமா?' என்பாரும் உளர். கலமந்தர் மேசை வாங்கிய ஒவ்வொருவரும் இதையே சொல்லியிருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை பல. பழைய வீட்டின் நிலைகளையும் கதவுகளையும் திருத்திப் பயன்படுத்தலாம். நட்டு வளர்த்த தேக்கோ, மகோகனியோ, வளவில் நின்ற வேம்போ போதுமாயின் முதிரையை நாடாதிருக்கலாம். மரக்காலையில் விலையைக் கேட்பதுடன் அனுமதிப்பத்திரத்தையும் காட்டச் சொல்லலாம். வந்திறங்கிய மரம் பத்திரத்திலுள்ள தொகைக்குச் சரிதானா என்றும் பார்க்கலாம். வீட்டுக்கு மரம் வாங்கும் பெற்றோர், அதே ஆண்டில் வளவிலே சில கன்றுகளை நட்டுப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுவார்களாக. அவற்றின் நிழலும் பலனும் பேரப்பிள்ளைகளுக்கு உரியவை.